தொட்டுவிட்டுத் திரும்பியவர்

மலைக்கு வேலைக்கு வரும் நர்சுகளுக்குக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு. பிரசவத்தைப் பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு. எஸ்டேட் விளையாட்டு விழாவைப் பற்றிச் சொல்லித்தர யாரும் இல்லை. விழா நெருங்கும்போது ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, "மைதானத்துல ஒரு மேசை போட்டிருக்கு, பஞ்சும் மருந்தும் எடுத்துட்டு வந்து உட்காருங்க" என்பார். நீங்களும் அயோடினும் துணிச்சுருளும் எடுத்துக்கொண்டு போய் உட்காருவீர்கள். அங்கே உட்கார்ந்து எதைப் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

பணியை விட்டவள் எழுதுகிறாள் என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. என் பணிக்காலம் சீக்கிரம் முடிந்தது. எப்படி என்பது இதிலேயே வரும்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதிக்காரி; எங்கள் பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சு. கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்பு முடித்து நேராக மலைக்கு வந்தேன். எங்கள் எஸ்டேட் போடிமெட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. மாகாண எல்லையை எங்கே போடுவது என்று டீக்கடையிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எல்லை எங்கே வந்தாலும் ஒரு வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்: மேட்டுக்கு மேற்கே எங்கள் பக்கம் சாராயக்கடை உண்டு, கிழக்கே போடிப் பக்கம் மதுவிலக்கு. கீழே இறங்கும் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதற்கென்று மலைப்பாதையில் ஒரு சாவடி இருந்தது.

எங்கள் உதவி மேனேஜரை எல்லோரும் சின்ன துரை என்பார்கள். பெங்களூரில் வளர்ந்த தமிழர், பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டவர். கெட்ட மனிதர் அல்லர். தொழிலாளியைக் கைநீட்டி அடித்ததில்லை; லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஜீப்பைத் தருவார். ஒரே ஒரு நம்பிக்கை அவரைப் பிடித்து ஆட்டியது. டிஸ்பென்சரிக்குத் தலைவலி மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் அதைச் சொல்லுவார்.

"சிஸ்டர், எந்த ஆட்டத்துல வேணும்னாலும் நல்ல ஆட்டக்காரன் ஒருத்தனைக் கொண்டு வாங்க. ஒரு சீசன்ல அவனை பாக்ஸர் ஆக்கிக் காட்டுறேன். கால் இருக்கா, மூச்சு இருக்கா, பயமில்லாம இருக்கானா? மிச்சம் நான் சொல்லித் தர்றதுதான்."

மாத்திரைக்காக உட்கார்ந்திருந்த ஹெட் கிளார்க் சும்மா இருக்க மாட்டார். "அப்படின்னா எங்க ஆபீஸ் பியூன் நல்லா ஓடுறான் சார். பெரிய துரையைக் கண்டா மின்னல் மாதிரி ஓடுவான். அவனையும் சேத்துக்கோங்க."

"கிண்டல் பண்ணாதீங்க. ஓடுறவனும் ஆவான்."

இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள். பந்தாட்டத்தில் சூரன், கனம் தூக்குவதில் சூரன், அவன் மட்டும் குத்துச்சண்டைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று. டீ குடித்துக்கொண்டு பேசுவதற்கு இதைப் போல நல்ல பேச்சு இல்லை. ஆனால் சின்ன துரை பேச்சோடு நிறுத்தவில்லை. ஃபேக்டரிக்குப் பின்னால், பெட்டி கட்டும் கயிற்றை இழுத்துக் கட்டி ஒரு ரிங் போட்டார். பக்கத்து எஸ்டேட்டில் பட்டாளத்திலிருந்து வந்த லாரி டிரைவர் தங்கராசு என்பவர் இருந்தார். அந்த மலையில் அவரை யாரும் ரிங்கில் வீழ்த்தியதில்லை. விளையாட்டு விழாவில் அவருக்கு எதிராக எங்கள் ஆள் ஒருவரை நிறுத்த வேண்டும் என்பது சின்ன துரையின் ஆசை.

முதலில் பிடித்தது ஃபேக்டரியில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டரை. மலையாளி, எங்கள் கால்பந்து அணியின் முன்வரிசைக்காரர். காலைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். பயிற்சியில் சின்ன துரையே கையுறை மாட்டிக்கொண்டு எதிரே நின்றார். முகத்துக்கு நேரே ஒரு குத்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையை விலக்கியிருப்பார்கள். பிட்டர் நெற்றியை முன்னால் கொடுத்தார். உயரத்தில் வரும் பந்துக்கு நெற்றியைக் கொடுத்துப் பழகிய கழுத்து அது. நான் ஓடிப்போய்க் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தபோது அவர் மலையாளத்தில் கேட்டது, "பந்து எவிடெ?" பந்து எங்கே என்று.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அன்று சாயங்காலம் வரை அவருக்கு ஃபேக்டரி சங்கு எதற்கு ஊதுகிறது என்று தெரியவில்லை. அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

அடுத்தவர் மூட்டை ஏற்றும் காளியப்பன். தேயிலைப் பெட்டியை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுவார். அவர் கை பட்டால் மாடு விழும் என்று பேச்சு. இருக்கலாம், ஆனால் மாடு நின்றுகொடுக்க வேண்டுமே. அவர் சுமையை வாங்கிக்கொள்ளப் பழகியவர். அடி விழும்போதும் தோளைக் கொடுத்து வாங்கிக்கொண்டார், விலகவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு அறுந்து தரையில் உட்கார்ந்து, "சுமையாயிருந்தா எறக்கி வைக்கலாம் தொரை, இத எங்கிட்டு எறக்கி வைக்க?" என்றார்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆட்டக்காரரிடம் என்னென்ன இருக்கிறது என்று சின்ன துரை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டக்காரர் தன் பழைய ஆட்டத்திலிருந்து எதைக் கூடவே கொண்டு வருகிறார் என்று நான் பார்க்கத் தொடங்கினேன். காலும் மூச்சும் வரும். அவற்றோடு, யோசிக்க நேரமில்லாத கணத்தில் உடம்பு தானாகச் செய்யும் காரியமும் வரும். அது அந்த ஆளுக்கே தெரியாது.

மூன்றாவதாக வந்தவர் சுடலைமுத்து.

அவர் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் தொழிலாளி. சடுகுடுவில் அவரைப் போல இன்னொருவர் எங்கள் பக்கம் இல்லை. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் அணிகள் மேலே வந்து விளையாடித் தோற்றுப் போகும். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிர்க்கட்டத்துக்குள் நுழைவார், ஒருவரைத் தொடுவார், பிடிக்கப் பாய்பவர்களுக்கு நடுவே உடம்பைத் திருப்பிக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவார். தொடப்பட்டவர் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். அவருடைய பாட்டு கட்டத்துக்குள் இருக்கும்போது பெண்கள்கூடக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். மனைவி பேச்சியம்மாள் மட்டும் பார்க்க மாட்டாள், திரும்பி நின்று கேட்பாள். "பாட்டு நின்னாத்தான பயம். கேட்டுக்கிட்டே இருக்கில்லா, அது போதும்" என்பாள்.

சின்ன துரை கேட்டார், சுடலைமுத்து சரி என்றார். துரை கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் லயத்தில் இல்லை. லயத்தின் பெருமையும் அதில் சேர்ந்துகொண்டது. தங்கராசு எத்தனை பேரை விழத்தட்டியிருந்தாலும் எங்கள் சுடலையைத் தொட முடியாது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பிழையும் இல்லை. பயிற்சியில் சின்ன துரையால் அவரைத் தொடவே முடியவில்லை. உள்ளே வந்து கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, துரை கையை ஓங்குவதற்குள் தன் மூலையில் நிற்பார்.

நான் கவனித்தது இரண்டு. முதலாவது, உள்ளே போகும்போது அவர் வாய் திறந்திருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் குறைவு, ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது, தொட்டவுடன் அவர் திரும்பினார். முகத்தின் பக்கவாட்டை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு மூலையைப் பார்த்து ஓடினார்.

சின்ன துரையிடம் சொன்னேன். "சார், அவரு வாயத் தெறந்துட்டே உள்ள போறாருங்க. தொங்குற தாடையில அடி பட்டா ஒடிஞ்சு போயிருமுங்க."

"அதுக்குத்தான் ரப்பர் கொடுத்திருக்கேன், பல்லுக்கு நடுவுல வெச்சுக்க."

ரப்பர் சுடலைமுத்துவின் கையில் இருந்தது. "வாயில இருந்தா பாட்டு வரமாட்டேங்கு தொரை."

"இங்க எதுக்குய்யா பாட்டு? இது சடுகுடுவா?"

"பாட்டு இல்லாம காலு எந்திரிக்காது தொரை."

பக்கத்தில் நின்ற ஒருவர், "ஏனுங்க நர்சம்மா, வேணும்னா நீங்க கூடப் போயி வாயப் பொத்திக்கிடுங்க" என்று என் ஊர்ப் பேச்சைப் பழித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். சுடலைமுத்துவும் சிரித்தார். சின்ன துரை சிரிக்கவில்லை. "பழகிருவான் சிஸ்டர்" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார்.

வாரம் ஒருமுறை வரும் டாக்டரிடமும் சொன்னேன். அவர் ஏற்கெனவே சுடலைமுத்துவின் இதயம், நுரையீரல், கண் எல்லாம் பார்த்துத் தகுதி என்று எழுதியிருந்தார். எழுதியதில் பிழையில்லை. "இப்படி ஒரு நெஞ்சை இந்த மலையில நான் கேட்டதில்லை" என்றார். வாய் திறந்திருப்பது நோய் இல்லையே என்றும் சொன்னார். அதுவும் சரிதான். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்ட பிறகு எனக்கு மிஞ்சியிருந்தது மேசையும் மருந்தும்தான். மேசையை ரிங்கின் கயிற்றை ஒட்டிப் போடச் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நிழலில், நாற்காலிகளுக்குப் பக்கத்தில் போட்டுத் தருவார்கள், மறுத்துவிடுங்கள்.

விழா அன்று வெயில் நன்றாக இருந்தது. மைதானத்தைச் சுற்றியிருந்த சரிவெல்லாம் ஆட்கள். தங்கராசு நிதானமாக வந்தார், சுடலைமுத்துவுக்கு இரண்டு கையுறையாலும் வணக்கம் சொன்னார். பேச்சியம்மாள் எனக்குப் பின்னால் திரும்பி நின்றிருந்தாள்.

மணி அடித்ததும் சுடலைமுத்து பாட்டை எடுத்தார். ரப்பரை மூலையிலேயே துப்பியிருந்தார். பாட்டு கேட்டதும் சரிவிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. உள்ளே போனார், தங்கராசுவின் மூக்கில் ஒரு தட்டு, திரும்பிவிட்டார். மறுபடியும் போனார், நெற்றியில் ஒரு தட்டு, திரும்பிவிட்டார். தங்கராசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படி அடிப்பவரை அவர் பார்த்ததில்லை. லயத்து ஆட்கள், "அவுட்டு! அவுட்டு! வெளிய போவே!" என்று தங்கராசுவைப் பார்த்துக் கத்தினார்கள். கேலிக்குத்தான். ரிங்குக்குள் இருந்தவருக்கு அது கேலியாகக் கேட்டிருக்காது.

மூன்றாவது முறை தங்கராசு காத்திருந்தார். சுடலைமுத்து தொட்டார், திரும்பினார். திரும்பும் முகத்தை நோக்கி, பக்கவாட்டிலிருந்து வளைந்து, தங்கராசுவின் இடது கை வந்தது. வாய் திறந்திருந்தது. பாட்டு நடுச்சொல்லில் நின்றது.

பேச்சியம்மாள் அப்போதுதான் ரிங் பக்கம் திரும்பினாள்.

நான் கயிற்றுக்குள் நுழைந்தபோது அவரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். விழுந்தவரைக் கண்டால் எல்லோரும் செய்வது அதுதான். பார்த்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பல் வரிசை நேராக இல்லை, நடுவில் படி இறங்கியிருந்தது. அடி விழுந்தது ஒரு பக்கம், எலும்பு ஒடிந்தது இரண்டு பக்கமும். எச்சிலும் இரத்தமும் வாயில் நின்றன, விழுங்கவில்லை. குறட்டை போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தச் சத்தமும் வரவில்லை. சுற்றியிருந்தவர்கள், "அமந்துட்டான், தூங்குறான்" என்றார்கள்.

நாக்கைத் தொண்டைக்குள் விழாமல் முன்னால் பிடித்து வைத்திருப்பது தாடையின் நடுப்பகுதி. அது இரு பக்கமும் ஒடிந்து தொங்கினால், மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைத்துவிடும். நான் படித்த வார்டில் ஒரு சிஸ்டர் இதை மூன்று சொல்லில் சொல்லிவைத்திருந்தார்: தாடை ஒடிஞ்சா குப்புற. அவ்வளவுதான் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, அது போதுமாக இருந்தது. அவரைப் புரட்டினேன். வாயிலிருந்ததெல்லாம் மண்ணில் கொட்டியது. மூச்சு வந்தது.

சின்ன துரை கோட்டுப் பையிலிருந்து பிராந்திக் குப்பியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மயங்கியவருக்கு பிராந்தி என்பது அவர்கள் கிளப் வழக்கம். நான் கையைப் பிடிப்பதற்குள் சாய்த்துவிட்டார். நல்லவேளை, வாய்க்குள் போகவில்லை. கழுத்திலும் பனியனிலும் வழிந்தது.

எங்கே கொண்டுபோவது என்பது அடுத்த முடிவு. மேற்கே கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் உண்டு, ஆனால் தாடையைக் கம்பி வைத்துக் கட்டுபவர் இல்லை. கிழக்கே இறங்கினால் போடி, அதற்கப்பால் மதுரை. இறக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். சின்ன துரை ஜீப் சாவியை இரண்டு முறை கீழே போட்டார். அந்த வளைவுகளில் அவரை ஓட்டவிட எனக்கு மனமில்லை. அப்போது தங்கராசு, கையில் சுற்றிய துணியைக்கூடப் பிரிக்காமல், ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"தெனம் போற ரோடு சிஸ்டர். நான் ஓட்டுறேன்."



ஜீப்பின் பின்பக்கம் சாக்கைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில் வைத்து, சுடலைமுத்துவைக் குப்புறக் கிடத்தினோம். பேச்சியம்மாள் இரண்டு உள்ளங்கையாலும் அவர் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். நான் அவர் வாய்க்கு அருகே கையை வைத்துக்கொண்டேன், காற்று படுகிறதா என்று பார்க்க. சின்ன துரை முன்னால்.

"நர்சம்மா, எம்மடியில நிமித்திப் போட்டுக்கிடுதேன். மூஞ்சியாவது பாத்துக்கிடுதேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"வேண்டாங்க அக்கா. நிமிர்ந்தாருன்னா மூச்சு நின்னுரும். மூச்சுச் சத்தம் கேக்குதுல்லீங்க? கேட்டுட்டே வாங்க."

"கேக்கு" என்றாள். ஒவ்வொரு வளைவிலும், நான் கேட்காமலே, "கேக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

வளைவுகள் பாதி கடந்தபோது சாவடி வந்தது. கட்டையைப் போட்டு நிறுத்தினார்கள். காவலர் பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததை அவர் பக்கத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். குப்புறக் கிடக்கும் ஓர் ஆள்; பனியனில் பிராந்தி வாடை; ஓட்டுபவர் அரைக்கால் சட்டையோடு, கையில் இரத்தம் பட்ட துணி. மேட்டிலிருந்து குடித்துவிட்டு இறங்குபவர்களை அவர் தினமும் பார்க்கிறவர்.

"என்ன, குடிச்சிட்டு அடிதடியா? எறக்குங்க அவன."

"குடிக்கலீங்க, தாடை ஒடிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போறோமுங்க" என்றேன்.

"தாடை ஒடிஞ்சவனுக்கு எதுக்கும்மா இந்த வாசம்? சரக்கு எங்க இருக்கு?"

சரக்கு சின்ன துரையின் கோட்டுப் பையில் இருந்தது. அந்தப் பக்கத்துச் சட்டப்படி அது குற்றம். துரை என்பதால் அவர் பையில் கைவிட யாரும் நினைக்கவில்லை. சின்ன துரை முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிங்கில் பயமில்லாமல் நிற்பவர்களைத் தேடித் தேடி எடுத்தவர் அவர். வாய் திறக்கவில்லை.

இரண்டு பேர் சுடலைமுத்துவின் தோளையும் காலையும் பிடித்து இறக்கினார்கள். நான் பிடித்தேன், பேச்சியம்மாள் பிடித்தாள், முடியவில்லை. முரட்டுத்தனமாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குடிகாரர் வாந்தியில் மூழ்கக் கூடாதென்று ஒரு பெஞ்சில் நன்றாக மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

"கேக்கல" என்றாள் பேச்சியம்மாள். பிறகு அலறினாள், "நர்சம்மா, கேக்கல!"

உதடு கறுத்தது. காவலர் ஜீப்பின் இருக்கைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெஞ்சைச் சுற்றி ஆட்கள். என்னைக் கிட்டே விடவில்லை. தாடை, நாக்கு, மூச்சு என்று விளக்கிச் சொல்ல நேரமில்லை. அவர் தேடுவது கிடைத்தால்தான் அவர்கள் கை இவரை விடும் என்று தோன்றியது.

"நீங்க தேடுறது தொரை கோட்டுப் பையில இருக்குங்க!" என்று கத்தினேன். "அத எடுத்துக்கோங்க. இவரை விடுங்க!"

எல்லோரும் துரையைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் உள்ளே புகுந்தேன். விரலை விட்டு நாக்கைப் பிடித்தேன், இரத்தத்தில் வழுக்கியது. துணியைச் சுற்றிப் பிடித்தேன், அதுவும் வழுக்கியது. தோளில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கி நாக்கு நுனியில் குத்தி இழுத்தேன். இதை நீங்கள் செய்ய வேண்டி வராமல் இருக்கட்டும். வந்தால் தயங்காதீர்கள், நாக்கு ஆறிவிடும். தங்கராசு பின்னாலிருந்து அவரை அள்ளித் தூக்கி, உட்கார வைத்து, முன்னால் குனிய வைத்துப் பிடித்துக்கொண்டார். உள்ளே போயிருந்த இரத்தமெல்லாம் இருமலோடு வந்தது. எல்லாம் வரவில்லை. மதுரை போய்ச் சேரும்வரை அவர் நெஞ்சில் நீர் கொதிப்பது போல ஒரு சத்தம் இருந்தது.

சின்ன துரை சாவடியிலேயே இறங்க வேண்டியதாயிற்று. அவர்மேல் வழக்குப் பதிந்தார்கள், கம்பெனிக்குத் தலைகுனிவு. என்னை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பாலக்காட்டுப் பக்கம், நல்லேப்பிள்ளியில் புகுந்த வீட்டில் இருக்கிறேன். அந்தச் சாவடியில் மறுபடி நிறுத்தினாலும் அதையேதான் கத்துவேன்.

மதுரையில் பல்லோடு பல் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள். கட்டு நன்றாகவே நின்றது. பென்சிலினும் போட்டார்கள். ஆனால் பெஞ்சில் கிடந்த நேரத்தில் நெஞ்சுக்குள் போன இரத்தம் அங்கேயே கெட்டுக் காய்ச்சலாக மாறியது. டாக்டர் புகழ்ந்த அந்த நுரையீரல் கீழிருந்து மேலாக அடைத்துக்கொண்டு வந்தது. சுடலைமுத்து பிழைக்கவில்லை.

வேலை போயிருந்ததால் நான் அங்கேயே பேச்சியம்மாளுக்குத் துணையாக இருந்தேன். தங்கராசு லாரி மதுரைக்கு வரும்போதெல்லாம் வந்துவிடுவார். உள்ளே வர மாட்டார், வராந்தாவில் நிற்பார். ஒரு நாள் அவரிடம், எந்த ஆட்டக்காரரையும் பாக்ஸர் ஆக்கலாம் என்று சின்ன துரை சொல்வது நடக்கக்கூடியதுதானா என்று கேட்டேன்.

"நானும் பட்டாளத்துல ஓட்டப்பந்தயக்காரந்தான் சிஸ்டர். அடிச்சா ஓடணும்னு காலு நினைக்கும். அந்த நெனப்பு காலை விட்டுப் போறவரைக்கும் அடி வாங்கினேன். வருசக்கணக்கா வாங்கினேன். எங்கூட ஆரம்பிச்சவன்ல பாதிப் பேருக்கு இப்ப காது கேக்காது."

இந்தக் கேள்விக்கு நான் கேட்ட பதில்களில் நேர்மையானது அது. முடியும். பழைய ஆட்டம் உடம்பிலிருந்து போகும்வரை அடி வாங்கினால் முடியும். ஆகவே உங்கள் மேசைக்கு அப்படி ஓர் ஆட்டக்காரர் வந்தால் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பதோடு விடாதீர்கள். முகத்துக்கு நேரே சட்டென்று கையை ஓங்கிப் பாருங்கள், அவர் உடம்பு என்ன செய்கிறது என்று. வாய் திறக்கிறதா, நெற்றி முன்னால் வருகிறதா, திரும்புகிறாரா. பார்த்ததை உரக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் உச்சத்துக்குப் போன மத்தியானம் சுடலைமுத்து கட்டிய பல்லுக்கு நடுவே எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை. பேச்சியம்மாள் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

"தொட்டுட்டுத் திரும்பிட்டாகளாம். மூச்சு விடாம கோட்டுக்கும் வந்துட்டாகளாம். அப்பொறம் அந்த ஆளு எப்பிடி உள்ளயே நிக்கலாம்னு கேக்காக."

 குத்துச்சண்டையில் தொட்டால் யாரும் வெளியே போவதில்லை என்று சொல்லலாம். அதைச் சொல்ல அது நேரமில்லை.

வராந்தாவிலிருந்து தங்கராசு உள்ளே வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கேட்டிருக்கிறார் போல.

"ஆமாண்ணே" என்றார். "மொதத் தடவை மூக்குல தொட்டீங்கள்ல, அப்பவே நான் அவுட்டு. வெளிய போகாம நின்னது எம்மேல தப்பு."

சுடலைமுத்துவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பேச்சியம்மாள் குனிந்து, அதை அவர் காதில் இன்னொரு முறை சொன்னாள்.